வெளியேறிய நேரம்

பிப்ரவரி 3

என் அருமை நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. கோபத்தில் இருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் "அண்ணி, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். உன்னுடைய அந்த அப்புறம் இதுவரை வந்ததே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து எழுதலாமென்றால் அதையும் நீ எழுதின ப்ரோக்ராம் எண்ணிக்கொண்டிருக்கும். அதனால்தான் காகிதம். உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் 'வாசல்' ப்ரோக்ராமை எங்கள் ஆபீஸில் போடச் சொல்லி மேனேஜரிடம் போய்ப் பெருமையடித்தவள் நான்தான். "எங்க வீட்டுப் பொண்ணு எழுதினது சார். யார் எப்ப கம்ப்யூட்டர்ல நுழையறாங்க, எப்ப வெளியேறுறாங்க, எல்லாம் தானாப் பதிவாயிடும்" என்றேன். அன்றைக்கே என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

நேற்று ஜனவரி மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஆளுக்கு ஒரு வரி, மாதம் முழுக்க வேலை செய்த நேரத்தின் கூட்டல் மட்டும். முதலிடம் யாருக்கென்று நினைக்கிறாய்? எனக்கு. எல்லாரையும் நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். கடைசி இடம் திருத்தத்துக்கு.

திருத்தம் என் எதிர் நாற்காலிக்காரி. யார் எதை எழுதினாலும் அதில் பிழை கண்டுபிடிப்பதால் அந்தப் பட்டப்பெயர். நான் ஆசையாகக் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்து அட்டையைச் சிவப்புப் பேனாவால் திருத்தி என்னிடமே நீட்டினவள். எனக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது, அதில் நாங்கள் ஒற்றுமை. ஆனால் அவளைப் போல வேலை செய்கிறவள் எங்கள் ஆபீஸில் இல்லை. விபத்தில் அடிபட்டவர்கள் காப்பீடு கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களைத்தான் நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். ஒரு எண் மாறினால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அலையும். அவள் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் விடுவாள். ஆபீஸில் கடைசியாகக் கிளம்புகிறவளும் அவள்தான். அப்பேர்ப்பட்டவள் ஜனவரி முழுக்க வெறும் நான்கு நாள் அளவுக்குத்தான் வேலை செய்திருக்கிறாள் என்கிறது உன் வாசல்.

தலைமை ஆபீஸ் ஒருவரைக் குறைக்கச் சொல்லிவிட்டது. பட்டியலில் யார் கடைசியோ அவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மார்ச் 4-ஆம் தேதி அங்கிருந்து ஆள் வந்து விசாரணை. உன் ப்ரோக்ராம் எங்கேயோ உளறுகிறது. எங்கே என்று பார்.

உன் அண்ணி


பிப்ரவரி 7

அண்ணி,

கடிதம் வந்தது. பக்கத்து மேஜைக்காரி "லவ் லெட்டரா?" என்று கேட்டாள். "இல்லை, குற்றப்பத்திரிகை" என்றேன்.

ப்ரோக்ராம் உளறாது. பார்த்ததை எழுதும். அதற்குப் பிடித்தவர், பிடிக்காதவர் கிடையாது. ஆறு ஆபீஸில் ஓடுகிறது, ஒரு புகார் இல்லை. உங்களிடமிருந்துதான் முதல் புகார்.

அவள் கடைசி வரைக்கும் இருக்கிறாள் என்கிறீர்கள். நீங்கள்தான் காலையில் முதல் ஆளாக வந்து, அவளுக்கு முன்னாடியே கிளம்பிவிடுகிறீர்களே, எப்படிப் பார்த்தீர்கள்? கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாம். பிழை கண்டுபிடிக்கிறவர்கள் எல்லாரும் வேலை செய்கிறவர்கள் என்று யார் சொன்னது?

வாசல் நான் தனியாக உட்கார்ந்து எழுதிய முதல் ப்ரோக்ராம். நம் வீட்டில் அதை நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அண்ணன் "இதுல ஓட்டறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு லாரியைத் துடைக்கப் போய்விட்டான். இப்போது நீங்களும் இப்படி எழுதினால் வலிக்கிறது. வலிக்கிறது என்றுதான் சொல்கிறேன், சண்டை போடவில்லை.

அம்மாவின் கால் சுளுக்கு சரியாகிவிட்டதா? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன், நீ உன் வேலையைப் பாரு" என்று வைத்துவிடுகிறாள்.

இப்படிக்கு,
உளறல் ப்ரோக்ராமின் சொந்தக்காரி


பிப்ரவரி 12

கோபக்கார நாத்தனாருக்கு,

முன்னாடியே கிளம்புகிறவள் எப்படிப் பார்த்தாள் என்று கேட்டாய். சுருக்கென்று தைத்தது, ஆனால் நியாயமான கேள்வி. நேற்று உன் அண்ணன் ஊரில் இருந்தார். வீட்டை அவரிடம் விட்டுவிட்டு, ஆபீஸ் மூடும்வரை உட்கார்ந்து பார்த்தேன்.

ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடிவிட்டுக் கிளம்பினார்கள். திருத்தம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "என்ன, புதுசா?" என்றாள். "வேலை இருக்கு" என்றேன். "உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "மூடப் போறேன்மா!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்று இவள் கத்தினாள்.

அவர் இருமினார். காத்திருந்தார். மறுபடி இருமினார். "அம்மா, வீட்டுக்குப் போகணும்மா!"

"சேமிச்சுட்டேன், மூடுங்க!"

அவ்வளவுதான். விளக்கு, விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போனது. கீழ்த்தளத்தில் ஒரு முறை பிளக் எரிந்து புகைந்ததிலிருந்து, மூடும்போது படிக்கட்டில் இருக்கிற மெயின் சுவிட்சையே இறக்கிவிட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. நானெல்லாம் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவதால் இதை நேரில் பார்த்ததே இல்லை. இவள் தடவித் தடவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"லாக்அவுட் பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதான் மொத்தமாப் போயிடுதே" என்றாள். "அந்த நேரத்துல இன்னொரு விண்ணப்பம் பார்க்கலாம்."

ஆக, போகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருட்டில் எழுந்து போகிறவள் எங்கள் ஆபீஸில் இவள் ஒருத்திதான். அப்படிப் போகிறவளை உன் வாசல் என்ன செய்கிறது? பார்த்துவிட்டு உடனே எழுது. எழுதாவிட்டால் நேரில் வருவேன். வந்தால் உன் அறையைச் சுத்தம் செய்யாமல் போகமாட்டேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 17

அண்ணி,

தப்பு என்னுடையது. வேறு எதையும் எழுதுவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன்.

நுழைந்த நேரம் இருந்து வெளியேறிய நேரம் இல்லாவிட்டால், அந்த நாளைக் கூட்டாதே என்று எழுதியிருக்கிறேன். எப்போதோ ஒரு நாள் மின்சாரம் போனால் நடக்கிற விஷயம் என்று நினைத்துவிட்டேன். ஒருத்தி தினமும் இப்படித்தான் வீட்டுக்குப் போவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு இருட்டில் இறங்கிப் போன நாளெல்லாம் அவளுக்குப் பூஜ்யம். ஏதோ காரணத்துக்காகச் சீக்கிரம் கிளம்பி, ஒழுங்காக மூடிவிட்டுப் போன நான்கு நாள் மட்டும் கணக்கில் வந்திருக்கிறது. நீங்கள் உளறல் என்றது குறைச்சல்.

முதலாளியிடம் போனேன். "ஒத்துக்கிட்டா மத்த ஆபீஸுக்கெல்லாம் என்ன பதில் சொல்றது? லாக்அவுட் பண்ணாதது அவங்க தப்புன்னு எழுதி அனுப்பிடு" என்றார். "எழுத மாட்டேன் சார்" என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே ஆச்சரியம். வெளியே வந்து தண்ணீர் குடித்தபிறகும் அதுதான் சரி என்று பட்டது.

வழி இருக்கிறது. உங்கள் ஆபீஸ் பதிவுகள் எங்கள் கம்ப்யூட்டருக்கும் வருகின்றன. கீபோர்டு விசைகளில் கை பட்ட நேரங்களையும் வாசல் குறித்து வைக்கிறது. சோதித்துப் பார்க்கச் சேர்த்தேன், யாருக்கும் காட்டுவதில்லை. அதிலிருந்து அவள் கடைசியாக எப்போது தட்டினாள் என்று எடுக்கலாம். எடுத்தேன். உங்கள் ஆபீஸிலேயே அதிக நேரம் வேலை செய்தவள் அவள்தான்.

ஒப்பிடுவதற்காக மற்றவர்கள் பதிவையும் பார்த்தேன். உங்களுடையதையும்.

தினமும் மதியம் மூன்று மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் உங்கள் கம்ப்யூட்டர் திறந்தே கிடக்கிறது, ஒரு விசைகூடத் தட்டப்படவில்லை. டிசம்பரில் வாசல் போட்ட நாளிலிருந்து இதே கதை. முதலிடம், கைதட்டல் வேறு! எங்கே போகிறீர்கள் அண்ணி? கடைத்தெருவுக்கா? திருத்தத்துக்காக என்னைக் கூண்டில் ஏற்றினீர்களே, இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?


பிப்ரவரி 20

வக்கீலம்மாவுக்கு,

பதில் இருக்கிறது. உன் அம்மாவிடம் போகிறேன்.

சுளுக்கு இல்லை. நவம்பர் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் ஆனது. நீ அப்போது ஆறு ஆபீஸுக்கும் உன் வாசலைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தாய். "அவகிட்ட மூச்சு விடாதே. கேட்டான்னா வேலையைத் தூக்கிப் போட்டுட்டு வந்து என் தலைமாட்டுல உட்கார்ந்துடுவா. மீறிச் சொன்னே, உன்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே மிரட்டினார் என் மாமியார். பேசாமல் இருந்துவிடுவார் என்றால் சொல்லியிருப்பேன். ஆனால் பேசியே கொன்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயந்தேன்.

உன் அண்ணன் பாதி நாள் லாரியில். பகலில் துணைக்கு வரும் பெண் மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டும், அவளுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் நான் ஓடுகிறேன். உன் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, ரேடியோவைக் கைக்கெட்டும்படி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறேன்.

சும்மா போகவில்லை. முதலில் மேனேஜரிடம் எழுதிக் கேட்டேன். "வீட்டுக் கதையெல்லாம் ஆபீஸுக்கு வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் கம்ப்யூட்டரைத் திறந்துபோட்டுவிட்டு, கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். தப்புதான். தப்பென்று தெரிந்தேதான் செய்தேன். மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடியும் செய்வேன். ஆனால் அன்றைக்குக் கைதட்டினார்களே, அப்போது எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அழாதே. இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னைத் திட்டும் குரல் பழைய கனத்துக்கு வந்துவிட்டது, அதுவே பாதி குணம்.

உன் அண்ணி


பிப்ரவரி 22

அண்ணி,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

இன்று அம்மாவிடம் பேசினேன். எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. "சுளுக்கா? அது போயே போச்சு! காலையில கடைக்கே நடந்து போயிட்டு வந்தேன்" என்றாள். நான் "சரிம்மா" என்றேன்.

விசாரணைக்கு எல்லாருடைய கடைசியாகத் தட்டிய நேரத்தை மட்டும் அனுப்புகிறேன். நடுவில் இருக்கும் இடைவெளிகளை வெட்டிவிடுகிறேன். அப்படி ஒன்று பதிவாகிறது என்றே அங்கே யாருக்கும் தெரியாது. திருத்தத்துக்கு வேலை நிலைக்கும், உங்களுக்கும் ஒன்றும் ஆகாது. பொய் எதுவும் எழுதப்போவதில்லை, கேட்காததைச் சொல்லப்போவதில்லை. சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.


பிப்ரவரி 25

என் தங்கமே,

சரி என்று எழுதமாட்டேன்.

விசாரணைக்கு வருகிற ஆள் என்ன கேட்பார், யோசித்துப் பார். "இந்த ப்ரோக்ராம் எழுதினது யாரு?" "இவங்க நாத்தனார் சார்." "அப்ப நாத்தனார் வெட்டி ஒட்டிக் குடுத்த கணக்கை நான் எப்படிம்மா நம்பறது?" முடிந்தது கதை. நீ எதையோ மறைத்தாய் என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தால் போதும், திருத்தத்தின் வேலை அந்த நிமிஷமே போய்விடும். நமக்கு வேண்டியவர்களைக் காப்பாற்றிக்கொண்டு கொடுத்த கணக்கு என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அதற்கு இருக்கிற ஒரே வழி, என்னையும் காட்டிக்கொடுப்பதுதான்.

எல்லாருடையதும், எல்லா நேரமும், ஒரு வரி விடாமல் அனுப்பு. தப்பு எங்கே நடந்தது என்று மேலே எழுதி உன் கையெழுத்தைப் போடு.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. இந்த வேலை போனால் வேறு வேலை தேடுகிற வயசா எனக்கு? உன் அண்ணனிடம் நேற்றுச் சொன்னேன். "வண்டியில கிளீனர் இடம் காலியாத்தான் இருக்கு, வர்றியா?" என்றார். அந்த மனுஷனுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு பயம் கொஞ்சம் விட்டது.

முடிவு செய்துவிட்டேன். நீயும் செய்.

உன் அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

முழுசாக அனுப்பிவிட்டேன். உங்கள் பெயர் இருந்த பக்கங்களில் கை நின்றது. வெட்டவில்லை.

முதலாளி மேஜையிலும் ஒரு பிரதி வைத்துவிட்டேன். இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் கூரை பறக்கும்.

இவ்வளவுதான் இன்றைக்கு.


மார்ச் 5

நாத்தனாருக்கு,

நேற்று முடிந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குதிக்காதே.

தலைமை ஆபீஸிலிருந்து வந்தவர் உன் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க மேனேஜருக்கு வியர்த்தது. திருத்தத்தின் பக்கம் வந்ததும், "இத்தனை நேரமாம்மா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். இவள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "நீங்க பக்கம் மாத்தி வெச்சிருக்கீங்க, முதல்ல அதைச் சரிபண்ணுங்க" என்றாள். என்ன ஜென்மமோ!

அவள் வேலைக்கு ஒன்றுமில்லை என்று அங்கேயே எழுதிவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மூணு மணிக்கு எங்கேம்மா?" சொன்னேன். மாமியார், இடுப்பெலும்பு, பஸ், எல்லாம் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை.

திருத்தம் எழுந்தாள். எனக்காகப் பேசப்போகிறாள் என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன். "அந்த நேரத்தை இவங்க ஆபீஸுக்குத் திருப்பித் தரணும்" என்றாள். இவளுக்காகவா இத்தனை பாடுபட்டேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் விடவில்லை. "தினமும் சாயங்காலம் என்கூட உட்காரட்டும், மூடுற வரைக்கும். போன நேரம் எல்லாம் வந்துடும். மதியம் போறதையும் இனிமே எழுதி வெச்சுட்டே போகட்டும். டிசம்பர்லயே எழுதித்தான் கேட்டாங்க. அந்தக் காகிதத்துல மூணு பிழை இருந்துச்சு, நான்தான் திருத்திக் கொடுத்தேன். அதை வாங்கிக்க மாட்டேன்னு திருப்பிக் கொடுத்தது யாருன்னும் விசாரிங்க சார்" என்றாள்.

உண்மைதான். அவள் திருத்திக் கொடுத்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

வந்தவர் அதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டார். ஆள் குறைப்பை நிறுத்திவைத்திருக்கிறார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், கூடவே சாயங்கால வேலை. வேலை தங்கிவிட்டது. சரி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நான் சாயங்காலமும் அங்கே இருந்தால் உன் அம்மா இருட்டும்வரை வீட்டில் தனியாகத்தானே இருக்க வேண்டும்?

எப்படியாவது பார்த்துக்கொள்வேன். நீ மட்டும் வேலையை விட்டுவிட்டு வரக்கூடாது. இது கட்டளை. நானும் உன் அம்மாவும் இத்தனை வருஷத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான், கெடுத்துவிடாதே.

உன் அண்ணி


மார்ச் 8

அண்ணி,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடுவேன். பின்னே எதற்கு எழுதுகிறாய் என்றால், நேரில் பார்த்தால் நாம் சண்டைதான் போடுவோம். சண்டையில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

கட்டளையை மீறவில்லை. முதலாளி பிரதியைப் படித்துவிட்டுக் கூரையைப் பறக்கவிட்டார். "நாளையிலிருந்து ஆபீஸ் பக்கமே வராதே!" என்றார். "சரி சார்" என்று பையை எடுத்துக்கொண்டேன். நான் படியிறங்குவதற்குள் அவருக்கு உறைத்துவிட்டது. வாசலை எழுதத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். பின்னாலேயே வந்து, "வீட்டுல இருந்தே எல்லாத்தையும் சரிபண்ணிக் குடு, என் முகத்துல முழிக்காதே" என்றார். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை.

ஆறு ஆபீஸுக்கும் தப்பை ஒத்துக்கொண்டு எழுதிவிட்டேன். வெளியேறிய நேரம் கிடைக்காவிட்டால் தெரியவில்லை என்றுதான் இனி வாசல் சொல்லும், பூஜ்யம் போடாது. விசை தட்டும் நேரத்தைக் குறிப்பதையும் எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சொல்லாமல் அதை வைத்தது சரியில்லை.

கடைத்தெருவுக்கா என்று கேட்டு உங்களுக்கு எழுதினேன். அந்த வரியை நான் எழுதும்போது நீங்கள் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிட்டு ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவீர்கள்.

நீங்கள் தினமும் ஒரு மணி நேரம் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் குதித்தேன். நவம்பரிலிருந்து அந்த வீட்டில் நான்தான் இல்லை. அதை எந்தப் பதிவும் காட்டவில்லை, நீங்களும் ஒரு கடிதத்தில்கூடச் சொல்லிக்காட்டவில்லை.

அம்மா திட்டட்டும். திட்டி முடிக்கும்வரை கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கும் நான் இருப்பேன், இருட்டிய பிறகும் இருப்பேன். நீங்கள் அவசரமில்லாமல் வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் நாத்தனார்